ஆறு பெட்டித் துணியும் இரண்டு குயர் நோட்டும்

ஹூஸ்டனிலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து வாடகை வேனில் திருத்துறைப்பூண்டிக்கும் வந்து சேர்ந்த பயணத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. 2018 டிசம்பர் 8 அன்று காலை பதினொரு மணிக்கு, வேதாரண்யத்துக்கு மேற்கே உள்ள எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் ஓர் அம்மாள் என்னைப் பார்த்து, "துணி வேண்டாம் தம்பி, வந்த வண்டியிலேயே திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க" என்று சொன்னாரே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். திரும்பி வந்து ஆறு வாரமாகியும் அந்த வாக்கியம் காதில் இருக்கிறது.

கஜா புயல் நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது எல்லோரும் அறிந்ததே. முன்னெச்சரிக்கை சரியான நேரத்தில் வந்ததையும், 80,000-க்கும் மேற்பட்டவர்களைப் புயலுக்கு முன்பே முகாம்களுக்கு அழைத்துச் சென்றதையும் குறை சொல்ல முடியாது. 1977-ஆம் ஆண்டுப் புயலை நினைவில் வைத்திருக்கும் என் சித்தப்பாவே அதை ஒப்புக்கொண்டார். ஆனால் உயிர் தப்பியவர்கள் திரும்பிப் போக வீடு வேண்டும் அல்லவா? கூரை வீடுகள் சுவரோடு படுத்துவிட்டன. ஓட்டு வீடுகளில் ஓடு இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்ததால், நான் போய் இறங்கிய இருபத்திரண்டாம் நாளிலும் எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை. தென்னை மறைத்துக்கொண்டிருந்த தெருவில் இப்போது வானம் தெரிந்தது. சின்ன வயதில் மாங்காய் திருடிய தோப்பு எது என்று அடையாளம் காணவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

இனி என் ஆறு பெட்டிகளின் கதைக்கு வருகிறேன். ஹூஸ்டனில் கோயிலுக்கு வரும் நண்பர்கள் கொடுத்தது இரண்டு பெட்டி. சென்னையில் தங்கையின் அடுக்குமாடிக் குடியிருப்பில் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டுத் திரட்டியது நான்கு பெட்டி. எல்லாம் துவைத்து மடித்த நல்ல துணிகள் என்பதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. பள்ளி வாசலில் வேனை நிறுத்தியதும் ஊர் முழுக்கக் கூடிவிடும், பழைய வகுப்புத் தோழர்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்றெல்லாம் வழி நெடுகக் கற்பனை செய்துகொண்டு வந்தவன் நான். கூட்டம் கூடியது உண்மைதான். அந்தக் கூட்டத்துக்கு முன்னால்தான் அந்தப் பதில் கிடைத்தது.

சொன்னவர் எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவி. பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. நான் முகம் சிவக்க நின்றதைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் ஐந்தாம் வகுப்பு அறையைத் திறந்து காட்டினார். கரும்பலகையின் பாதி உயரம் வரை துணி குவிந்து கிடந்தது. கோட்டு, கழுத்துப்பட்டை, கிழிந்த ஜீன்ஸ், ஜரிகை போன பட்டுப்பாவாடை, ஒற்றைச் செருப்பு. மழை ஒழுகி அடியில் இருந்தவை பூஞ்சை பிடித்து நாறின. "பள்ளிக்கூடம் திறக்கணும்னு சொல்றாங்க. இதைக் காலி பண்ண நாலு ஆளுக்கு ரெண்டு நாள் கூலி ஆகும். அந்தக் கூலியை நீங்க தர்றீங்களா?" என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபம் அவர் மேல் வந்ததல்ல என்பது இப்போது தெரிகிறது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் டெக்ஸாசைத் தாக்கியபோது, ஹூஸ்டனின் ஜார்ஜ் பிரவுன் மாநாட்டு மையத்தில் ஏறத்தாழ 10,000 பேர் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். நானும் மூன்று நாள் அங்கே தொண்டு செய்தேன். செய்த வேலை என்ன தெரியுமா? வந்து குவிந்த பழைய துணிகளைப் பிரித்து, அளவு வாரியாக அடுக்கி, ஆகாததைத் தள்ளியது. மருந்தும் உள்ளாடையும் கிடைக்காமல் முதியவர்கள் வரிசையில் நிற்க, நாங்கள் முப்பது பேர் யாரோ கழித்துப் போட்ட மேலங்கிகளை மடித்துக்கொண்டிருந்தோம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணி மலையாகக் கிடந்ததையும் அந்த வருட விடுமுறையில் பார்த்தவன் நான். இரண்டையும் கண்ணால் பார்த்தவனே மூன்றாவது முறை பெட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றால் யாரை நொந்துகொள்வது?

டீச்சர் என்னைத் திண்ணையில் உட்காரவைத்துக் கடுங்காபி கொடுத்தார்; பால் இல்லை. பிறகு ஒரு நோட்டை நீட்டினார். இரண்டு குயர் கணக்கு நோட்டு. முன்பக்கங்களில் குழுவின் வாராந்திரச் சேமிப்பும் கடன் தவணையும். நவம்பர் 17-ஆம் தேதிக்குப் பிறகு அதே கோடுகளுக்குள் வேறு கணக்கு ஓடியது. தெருவாரியாக வீடு, வீட்டில் எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, பிள்ளைத்தாய்ச்சி உண்டா, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர் யார், ஸ்மார்ட் கார்டும் ஆதாரும் இருக்கின்றனவா அல்லது வெள்ளத்தில் போயினவா, இப்போது எங்கே படுக்கிறார்கள், இதுவரை என்ன கிடைத்தது, எந்தத் தேதியில் கிடைத்தது. கடைசிப் பத்தி "இன்னும் வேண்டியது". வாரம் ஒரு முறை குழுவின் பெண்கள் வீடு வீடாகப் போய் அந்தப் பத்தியை மட்டும் திருத்தி எழுதினார்கள். முதல் வாரம் தண்ணீரும் பாலும் கேட்டவர்கள் மூன்றாம் வாரம் தார்ப்பாயும் கொசுவத்தியும் கேட்டார்கள்.

நான் கணினி மென்பொருளில் பிழைப்பு நடத்துபவன். ஹூஸ்டனில் நிவாரணத்துக்குப் பெயர் பதிய இணையதளம் உண்டு, தொலைபேசி எண் உண்டு, பதிவு எண் உண்டு. ஆனாலும் எங்கள் பக்கத்து வீட்டு முதியவருக்கு மனு ஏன் தள்ளுபடியானது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இங்கே பென்சிலால் எழுதிய ஒரு நோட்டைப் புரட்டி, மேலத்தெருவில் எட்டாவது வீட்டுப் பாட்டிக்கு மாத்திரை வியாழக்கிழமையோடு தீர்கிறது என்று ஒரு பெண்மணி சொல்கிறார். புயலுக்குப் பிறகு கூட்டிய அமைப்பாக இருந்தால் இது நடந்திருக்காது; பத்து வருடமாக ஒருவர் வீட்டுக் கணக்கை ஒருவர் அறிந்த குழு அது.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் இன்னொரு பட்டியல் இருந்தது. இடம் கொடுத்தவர்கள் என்று தலைப்பு. முகாமுக்குப் போகாமல் உறவினர், அக்கம்பக்கத்தார் வீட்டில் ஒண்டியவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம். நிவாரணம் என்று வந்ததெல்லாம் முகாம் வாசலோடு நின்றுவிட்டது. சித்தப்பாவின் மாடி வீட்டில் மட்டும் ஐந்து குடும்பங்கள், ஒரு கழிப்பறை, ஓர் அடுப்பு. முதல் வாரம் கல்யாண வீடு போல இருந்ததாம். இரண்டாம் வாரம் அரிசி தீர்ந்தது. மூன்றாம் வாரம் சித்தி பேச்சைக் குறைத்துக்கொண்டாராம். டீச்சர் அந்த வீடுகளுக்கும் அரிசியும் விறகும் ஒதுக்கினார். "இடம் கொடுத்தவங்க சலிச்சுப் போனா, அடுத்த நாளே அஞ்சு குடும்பமும் தெருவுக்கு வந்துடும்" என்றார். அரசு தந்த 27 பொருட்கள் அடங்கிய பெட்டகத்தையோ தொண்டு நிறுவனங்களின் மூட்டைகளையோ நான் குறைத்துப் பேசவில்லை. இடம் கொடுத்த வீட்டையும் பாதிக்கப்பட்ட வீடாக எண்ணும் கணக்கை ஹூஸ்டனில்கூட நான் பார்த்ததில்லை.

அன்று மாலையே வேனைத் திருப்பிக்கொண்டு திருத்துறைப்பூண்டிக்குப் போனேன், பெட்டிகள் இறங்காமலே. டீச்சர் எழுதித் தந்த சீட்டில் தார்ப்பாய் 40, நைலான் கயிறு, மூடி போட்ட குடம், நைட்டி, உள்ளாடை, மாதவிடாய் நாப்கின், மெழுகுவர்த்தி, கொசுவத்தி இருந்தன. நாப்கின் பாக்கெட்டை வாங்கத் தயங்கிக் கடைவாசலில் ஐந்து நிமிடம் நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அமெரிக்காவில் இருபது வருடம் இருந்தும் ஊர்க் கடையில் கூச்சம் போகவில்லை.

மறுநாள் உள்ளே இருக்கும் குடியிருப்புக்குத் தார்ப்பாய் எடுத்துப்போகும் வழியில்தான் வேன் மறிக்கப்பட்டது. தார்ச்சாலையோர ஊர்களில் வண்டிகளை நிறுத்திப் பொருளை இறக்கிக்கொள்வதும், மண்சாலையில் இரண்டு மைல் உள்ளே இருப்பவர்கள் வெறுங்கையோடு திரும்புவதும் அந்த நாட்களில் வழக்கமாகிவிட்டிருந்தது. குறுக்கே நின்றவர் என் வயதுக்காரர். பசியை விடக் கோபம்தான் அதிகம் தெரிந்தது. நான் கீழே இறங்கி ஆங்கிலம் கலந்து ஏதோ நியாயம் பேசத் தொடங்க, டீச்சர் என்னை ஒதுக்கிவிட்டு நோட்டைப் பிரித்து உரக்கப் படித்தார்: "உங்க வீட்டுக்கு 19-ஆம் தேதி பாய் ரெண்டு, போர்வை ரெண்டு. 24-ஆம் தேதி அரிசி பத்துக் கிலோ. 30-ஆம் தேதி தார்ப்பாய் ஒண்ணு. உள்ள இருக்குற நாப்பது வீட்டுக்கு இதுவரைக்கும் மெழுகுவத்தி மட்டும்தான் அண்ணே போயிருக்கு. நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க." அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு வழிவிட்டதோடு, சேற்றில் வேன் சிக்கியபோது பின்னால் நின்று தள்ளியவரும் அவர்தான்.

உள்ளே வரிசை எதுவும் இல்லை. முந்தின நாள் மாலையே வீட்டுக்கொரு சீட்டு கொடுத்துவிட்டதால், அவரவர் இடிந்த வீட்டு வாசலிலேயே நின்றார்கள். நாங்கள்தான் தேடிப்போய்க் கொடுத்தோம். படம் எடுக்கக் கைபேசியை வெளியே எடுத்தேன். டீச்சர் பார்த்த பார்வையில் அது தானாகச் சட்டைப்பைக்குள் போனது.

அதே கைபேசிக்கு இரண்டு நாள் கழித்து வேலை வந்தது. சேதக் கணக்கெடுப்புக்கு வீட்டின் படம் கேட்டார்கள். மழைக்கு அஞ்சி ஏற்கெனவே கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடிக்கொண்டவர்களின் வீடு முழுச் சேதம் இல்லை என்று ஓர் அலுவலகத்தில் எழுதிவிட்டார்கள். படத்தை அச்சிட்டுத்தான் தரவேண்டும் என்றும் சொன்னார்கள். ஊரில் மின்சாரமே இல்லை என்றபோது, அது எங்கள் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. நான் பொறுமையிழந்து, ஹூஸ்டனில் இருந்த இடத்திலிருந்தே அனுப்பலாம் என்று கத்தினேன். அந்த எழுத்தர் நிமிர்ந்து, "அப்ப அங்கேயே அனுப்புங்க சார்" என்றார். வெளியே வந்து சிரித்துவிட்டேன்.

கடைசி நான்கு நாளும் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதினேன். அடையாள அட்டை போனவர்களுக்கு ஒரு மனு, மாற்றுச் சான்றிதழ் நனைந்துபோன பிள்ளைகளுக்கு ஒன்று, புறம்போக்கில் குடியிருந்ததால் பட்டா காட்ட முடியாதவர்களுக்கு ஒன்று. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஆறாம் வகுப்பில் தமிழய்யா சொன்னது இத்தனை காலம் கழித்து ஊருக்குப் பயன்பட்டது. பக்கத்தில் இளைஞர்கள் வாடகை ஜெனரேட்டரை ஊர் ஊராகக் கொண்டுபோய் மேல்நிலைத் தொட்டியில் இரண்டு மணி நேரம் நீர் ஏற்றி, அந்த இடைவெளியில் கைபேசிகளுக்கு மின்னேற்றி, இருட்டியதும் பள்ளிக் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கைக் கட்டினார்கள். அந்த ஒற்றை விளக்கைக் கேட்டதும் பெண்கள்தான். அதுவரை இருட்டுக்குப் பயந்து மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். கேரளத்திலிருந்து வந்த மின்வாரியப் பணியாளர்களுக்கு ஊரார் முறை வைத்துச் சோறு போட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; சொந்தக் கூரை இல்லாத வீட்டிலிருந்தும் குழம்பு வந்தது.

புறப்படும் நாளன்று டீச்சரிடம் கொஞ்சம் பணம் கொடுத்தேன். வாங்கி எண்ணி, குழுவின் மற்ற இரண்டு பெண்களையும் எண்ணவைத்து, வரவுப் பக்கத்தில் எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். தொகைக்கு மேலே என் பெயரில் ஏற்கெனவே இரண்டு வரி இருந்தது. தார்ப்பாய் 40, வரவு. துணி ஆறு பெட்டி, திரும்பியது. இரண்டாவது வரியை அடித்துவிடலாமே என்று கேட்டேன். "கணக்குத் தம்பி" என்றார். கையெழுத்துப் போட்டேன். பெட்டிகள் இப்போது சென்னையில் தங்கை வீட்டுப் பால்கனியில் இருக்கின்றன. எப்போது எடுத்துப்போகப் போகிறாய் என்று வாரம் தவறாமல் தொலைபேசியில் கேட்கிறாள்.