48,000 ரூபாய்க்கு ஓர் இலவச லேப்

எத்திக்கல் ஹேக்கிங் ஆன்லைன் கோர்ஸ் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

போனில் பேசிய பெண் "அண்ணா, ஆறே மாசத்துல பென்டெஸ்டர் ஆகிடலாம், நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" என்றார். பென்டெஸ்டர் என்றால், அனுமதி வாங்கிக்கொண்டு கணினிகளை ஹேக் செய்து ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொல்பவர். 48,000 ரூபாய், மாதம் 4,000, வட்டி இல்லை. "தவணைக்கு ஓடிபி வரும், சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஹேக்கிங் படிக்கப் போகிறவன் போனில் ஓடிபி சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். அது கோர்ஸ் தவணை இல்லை, ஒரு பைனான்ஸ் கம்பெனியில் என் பெயரில் எடுத்த கடன் என்பது முதல் தவணை பிடித்தபோதுதான் தெரிந்தது.

லைவ் கிளாஸ் என்றது பழைய ரெக்கார்டிங். சரி, ஹேக்கிங் செய்து பழகக் கொடுக்கும் லேப் நன்றாக இருந்தால் போதும் என்று சமாதானம் செய்துகொண்டேன். "எங்கள் பிரத்யேக லேப்" என்று கொடுத்த மெஷினில் விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. 2011இல் அந்த மென்பொருளின் டவுன்லோடு கோப்பில் யாரோ பின்கதவு வைத்துவிட்டார்கள். யூசர்நேமோடு ஒரு சிரிப்புக் குறியைச் சேர்த்தால் 6200ஆம் போர்ட்டில் ரூட் ஷெல் திறந்துவிடும், அதாவது மெஷினின் முழுக் கட்டுப்பாடும் கைக்கு வந்துவிடும். முதல் தடவை புல்லரித்தது, பொய் சொல்லவில்லை. அப்புறம்தான் லாகின் திரையிலேயே கொட்டை எழுத்தில் இருந்த பெயரைத் தேடிப் பார்த்தேன். மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2. ஹேக்கிங் பழகுவதற்கென்றே ஓட்டைகளோடு செய்த மெஷின், யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பெயரை மறைக்கக்கூட மெனக்கெடவில்லை.

பணம் போனதைவிட என்னைப் பயமுறுத்தியது வீட்டுப்பாடம். கூகுளில் தேடி, எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனுக்கு (வெப்சைட்டில் தட்டச்சு செய்யும் இடத்தில் டேட்டாபேஸ் கட்டளையை நுழைத்துத் தகவலைக் கறப்பது) இடம் கொடுக்கும் ஏதாவது ஒரு வெப்சைட்டைப் பிடித்து, டேட்டாபேஸ் பெயரை எடுத்து ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டும். குரூப்பில் ஒரு பையன் பள்ளிக்கூட வெப்சைட்டில் கைவைத்து, பெருமையாகப் படமும் போட்டான். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் இதைச் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டினால் பையன்தான் மாட்டுவான், பயிற்றுநர் இல்லை. இதில் வேடிக்கை, இதே பாடத்தைப் பழகுவதற்காக வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த டிவிடபிள்யூஏ என்ற வெப் அப்ளிகேஷன் அந்த லேப் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சொன்னபோது பயிற்றுநர் "அதெல்லாம் ஓல்டு, ரியல் டார்கெட்ல பண்ணாதான் அனுபவம்" என்றார். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், 20 சதவீத வீடியோ பார்த்தாயிற்று, கிடைக்காது என்றார்கள். பைனான்ஸ் கம்பெனியோ கோர்ஸ் தங்கள் பிரச்சினை இல்லை என்கிறது. தவணையை நிறுத்தினால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும், அதனால் கட்டுகிறேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடியவில்லை.

கட்டத்தான் போகிறீர்கள் என்றால், ஓடிபி சொல்வதற்கு முன் கடன் பத்திரத்தைக் கேளுங்கள், லேப் மெஷினின் லாகின் திரையைக் காட்டச் சொல்லுங்கள். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனை நான் இப்போது போர்ட்ஸ்விக்கரின் வெப் செக்யூரிட்டி அகாடமியில் பழகுகிறேன். லேப்பும் பாடமும் இலவசம், யார் வீட்டுக் கதவையும் உடைக்க வேண்டியதில்லை. லினக்ஸே தெரியாதவர்கள் ஓவர்தவயர் தளத்தில் உள்ள பேண்டிட் என்ற பயிற்சி விளையாட்டில் தொடங்கலாம். எனக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி.