விளிம்பில் நின்று பார்ப்பதா, உள்ளே இறங்கி நடப்பதா? அரிசோனா சுற்றும் யூட்டா சுற்றும்

லாஸ் வேகாஸில் இறங்கி, கார் எடுத்து, செம்பாறைகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. தென்கிழக்கே திரும்பினால் அரிசோனா: கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பான சவுத் ரிம், பேஜ் என்ற ஊர், மான்யுமென்ட் வேலி. வடகிழக்கே ஐ-15 நெடுஞ்சாலையைப் பிடித்தால் யூட்டா: சயான், பிரைஸ், கேபிடல் ரீஃப் பூங்காக்கள், மோவாப் என்ற ஊர். இரண்டையும் ஒவ்வொரு முறை ஓட்டியிருக்கிறேன். முதலாவதை ஓர் ஏப்ரலில், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவோடு. இரண்டாவதை ஓர் அக்டோபரில், நடக்கச் சளைக்காத நண்பர்களோடு. எது அழகு என்று கேட்டால் பதில் கிடைக்காது. எத்தனை இரவுகள் கையில் இருக்கின்றன, காரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பாதி முடிவு தானே வந்துவிடும்.

முதலில் ஒன்று. பாலைவனம் என்றதும் மணல்மேடு கண்ணில் வந்தால் அழித்துவிடுங்கள். சவுத் ரிம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம். பிரைஸில் 8,000 அடிக்கும் மேல். பைன் மரமும் குளிர்காலப் பனியும் உண்டு. ஏப்ரல் காலையில் சவுத் ரிமில் அப்பா மங்கி குல்லாயைக் கழற்றவே இல்லை.

அரிசோனா சுற்றின் பலம், காரை விட்டு அதிகம் இறங்காமலே பார்க்கலாம் என்பதுதான். வேகாஸிலிருந்து சவுத் ரிம் 280 மைல், நாலரை மணி நேரம். அங்கே விளிம்பை ஒட்டிய நடைபாதையில் பெரும்பகுதி சமதளம். இலவசப் பேருந்துகள் ஓடுகின்றன. கிழக்குக் கோடியில் டெஸர்ட் வியூவில், 1932-இல் மேரி கோல்டர் வடிவமைத்த கல் கோபுரம் நிற்கிறது. ஆறு நன்றாகத் தெரிகிற இடங்களில் அதுவும் ஒன்று. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசாமல் நின்றாள். பிறகு, "இத்தனூண்டு ஆறா இவ்வளவையும் அறுத்துச்சு?" என்றாள். மேலிருந்து நூல் மாதிரி தெரியும் அந்தக் கொலராடோ ஆறு சராசரியாக 300 அடி அகலம். ஒரு மைல் ஆழத்தில் ஓடுகிறது. பள்ளத்தின் நீளம் 277 மைல். எதிர்க்கரையான நார்த் ரிம் நேர்கோட்டில் 10 மைல்தான், காரில் போனால் 200 மைலுக்கு மேல். குளிர்காலத்தில் அது மூடிவிடும். 2025 ஜூலை காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய விடுதியும் எரிந்துபோனது. திட்டத்தில் சவுத் ரிமை மட்டும் வையுங்கள்.

இன்னொரு குழப்பம், கண்ணாடி நடைமேடை. ஸ்கைவாக் இருப்பது தேசியப் பூங்காவுக்குள் அல்ல, ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலத்தில், கிராண்ட் கேன்யன் வெஸ்ட் என்ற தனி இடத்தில். வேகாஸுக்குப் பக்கம் என்பதால் பலர் அதையே கிராண்ட் கேன்யன் என்று நினைத்துப் போகிறார்கள். கட்டணம் தனி.  நான் அதற்கு அரை நாளைக் கொடுக்கமாட்டேன்.

சவுத் ரிமிலிருந்து பேஜ் இரண்டரை மணி நேரம். அங்கே ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறை இடுக்குக்குள் நவஹோ பழங்குடி வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. அப்பர், லோயர் என்று இரண்டு. லோயரில் செங்குத்தான இரும்பு ஏணிகள். அப்பரில் உள்ளே மணல் தரை சமமாக இருக்கும், கோடையின் நண்பகலில் ஒளிக்கற்றை இறங்குவதும் அங்கேதான். முழங்கால் வலிக்காரர்களுக்கு அப்பர்தான் சரி. வெளியே வரும் வழியில் எத்தனை படி என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். அருகில் ஆறு குதிரைலாடம்போல் வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டுக்குப் போய்வர ஒன்றரை மைல். பாதை நல்ல பாதை, நிழல்தான் கிடையாது.

நாங்கள் சறுக்கியது அடுத்த கட்டத்தில். பேஜில் மதியம் 2 மணிக்குக் கிளம்பினோம். மான்யுமென்ட் வேலி இரண்டு மணி நேரம், 4 மணிக்குப் போய்விடலாம் என்பது கணக்கு. போய்ச் சேர்ந்தபோது அங்கே மணி 5. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் நேரமாற்றத்தை அரிசோனா மாநிலம் பின்பற்றுவதில்லை; அதற்குள் இருக்கும் நவஹோ தேசம், அதாவது நவஹோக்களின் நிலம், பின்பற்றுகிறது. நவஹோ நிலத்தால் சூழப்பட்ட ஹோப்பி பழங்குடி நிலமோ பின்பற்றுவதில்லை! என் போன் ஒரே மாலையில் மூன்று முறை மணியை மாற்றியது. பாறைத் தூண்களைச் சுற்றிவரும் 17 மைல் மண்சாலையில் அன்றைக்கு இனி வண்டி விடமாட்டார்கள் என்றார்கள். தப்பு முழுக்க என்னுடையது. பார்வை மேடையில் நின்றே பார்த்தோம். மிட்டன் என்று கையுறைப் பெயர் வைத்த இரண்டு குன்றுகளும் செங்கல் நிறத்திலிருந்து குங்கும நிறத்துக்குப் போய், கடைசியில் விளக்கை அணைத்ததுபோல் கறுத்தன. அப்பா கார் சாவியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார், இன்னும் பத்து நிமிடம் இருப்போம் என்று.

யூட்டா பக்கம் வேறு சங்கதி. அங்கே பாறை உங்களுக்கு மேலே இருக்கும். வேகாஸிலிருந்து சயான் 160 மைல், இரண்டரை மணி நேரம். ஆண்டின் பெரும்பகுதி மாதங்களில் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் கார் போக முடியாது, ஷட்டில்தான். அதை யாரும் குறையாகச் சொல்லவேண்டியதில்லை. பேருந்துச் சன்னலில் கன்னம் வைத்து அண்ணாந்தால்தான் சுவரின் உச்சி தெரிகிறது. ஏஞ்சல்ஸ் லாண்டிங் என்ற பாறை உச்சிக்குச் சங்கிலியைப் பிடித்து ஏறும் பாதைக்கு 2022 ஏப்ரலிலிருந்து அனுமதிச் சீட்டு கட்டாயம், குலுக்கலில் கிடைக்கும். எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அதற்குப் பதில் நாரோஸ் என்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கு. வர்ஜின் ஆறுதான் அங்கே பாதை. முழங்கால் தண்ணீர், சில இடங்களில் இடுப்பு வரை. ஆற்றின் அடியில் அம்மிக்குழவிகளைப் பரப்பி வைத்தமாதிரி உருண்டைக் கற்கள். கைத்தடியை ஊன்றி, அது நின்ற பிறகே அடுத்த காலை எடுக்கவேண்டும். பேச்சு தானாகக் குறைந்துவிடுகிறது. இரண்டு மணி நேரம் நடந்து திரும்பியபோது பாதங்கள் மரத்துப்போயிருந்தன, எவ்வளவு தூரம் போனோம் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் இந்தப் பயணங்களில் செய்தவற்றில் மறுபடி செய்யத் துடிப்பது இது ஒன்றைத்தான்.

மழையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், இரண்டு சுற்றுக்கும் பொது. ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவமழை. 1997 ஆகஸ்ட் 12 அன்று லோயர் ஆன்டிலோப்பில் திடீர் வெள்ளம் 11 பேரைக் கொண்டுபோனது; மழை பெய்தது பல மைல் தள்ளி. தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பது ஒரு பொருட்டே அல்ல. நாரோஸில் இறங்கும் நாளின் வெள்ள முன்னறிவிப்பைப் பூங்கா அலுவலகத்தில் ஒட்டியிருப்பார்கள். அதில் அபாயம் என்று போட்டிருந்தால் அந்த நாளை பிரைஸுக்கு மாற்றுங்கள்.

பிரைஸ், சயானிலிருந்து இரண்டு மணி நேரம். விரிசலுக்குள் போன நீர் இரவில் உறைந்து சுமார் 9 சதவீதம் பருத்து, பாறையைப் பிளந்து பிளந்து ஆயிரக்கணக்கான ஹூடூ தூண்களைச் செதுக்கியிருக்கிறது. சூரிய உதயத்துக்கு நில்லுங்கள், அதுபோதும். அங்கிருந்து 12-ஆம் எண் சாலை. எஸ்கலான்டேக்கும் போல்டருக்கும் நடுவே சாலை ஒரு முகட்டின் மேல் ஓடும். இரண்டு பக்கமும் பள்ளம், தடுப்புக் கம்பி கிடையாது. ஓட்டுகிறவர் எதையும் பார்க்க முடியாது. கேபிடல் ரீஃபைக் கடந்து மோவாப் சேர்ந்தால் ஆர்ச்சஸ் பூங்காவில் 2,000-க்கும் மேற்பட்ட கல் வளைவுகள். டெலிகேட் ஆர்ச்சுக்குப் போய்வர 3 மைல், வழுக்குப் பாறை மேல் நிழலற்ற ஏற்றம். என் பெற்றோரை அதில் ஏற்றியிருக்க முடியாது.

யூட்டாவின் பலவீனம் தூரம். மோவாப்பிலிருந்து வேகாஸ் திரும்ப 460 மைல் அளவில் ஆகும். அதில் ஐ-70-இல் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் இடையே 100 மைலுக்கு மேல் ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது. கிரீன் ரிவரில் டேங்க்கை நிரப்பாமல் நகராதீர்கள். ஆறு இரவுக்குக் குறைவாக இருந்தால் மோவாப்பைத் தொடவே வேண்டாம். அரிசோனாவுக்கு நாலு இரவு தாராளம்.

காசுக் கணக்கு 2026-இல் மாறிவிட்டது. அமெரிக்காவில் வசிக்காதவர்களிடம், 16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும், 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் 100 டாலர் வாங்குகிறார்கள். அந்தப் பட்டியலில் கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் மூன்றும் இருக்கின்றன. ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ், கேபிடல் ரீஃப் இல்லை. வசிப்பவர்களுக்கு 80 டாலரான ஆண்டுப் பாஸ் மற்றவர்களுக்கு 250. ஊரிலிருந்து வரும் இரண்டு பேர் சயானும் பிரைஸும் பார்த்தால் கூடுதல் கட்டணமே 400 ஆகிவிடும், ஆகவே பாஸ்தான் லாபம். கிராண்ட் கேன்யன் மட்டும் என்றால் உட்கார்ந்து கணக்குப் போடவேண்டும். எந்தப் பாஸும் நவஹோ நிலத்தில் செல்லாது. ஆன்டிலோப், மான்யுமென்ட் வேலி இரண்டுக்கும் தனியே எடுத்துவைக்கவேண்டும்.

அப்பா அம்மாவோடு, நாலு இரவு: அரிசோனா. நடக்கிற கால்கள், ஏழு இரவு: யூட்டா. ஐந்து இரவு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டையும் வெட்டி ஒட்டுவது. சவுத் ரிமில் ஒன்று, பேஜில் ஒன்று, பேஜிலிருந்து சயான் இரண்டு மணி நேரம்தான் என்பதால் அங்கே இரண்டு, பிரைஸில் ஒன்று, பிறகு வேகாஸ். இதில் மோவாப்பும் மான்யுமென்ட் வேலியும் அடிபட்டுப்போகும். மோவாப் போனதில் எனக்கு வருத்தமில்லை. மற்றதை வெட்டியதற்கு அம்மா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கறுத்த இரண்டு குன்றுகள்தான் இன்றைக்கும் அவளுடைய வாட்ஸ்அப் படம்.