நெல்லை பைபாஸில் ஏர் லெவல் வேலை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

மதுரை–கன்னியாகுமரி நான்குவழிச் சாலையில் தாழையூத்து தாண்டிக் கேடிசி நகர் வரை ஏர் பிரேக், ஏர் சஸ்பென்ஷன் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுக்குச் சோறு போடுவது சென்னை ஆம்னி பஸ்கள். குற்றாலம் சாரலுக்கும், பாபநாசம், காரையார் பக்கம் படப்பிடிப்புக்கும் வரும் கேரவன்களும் அங்கேதான் ஒதுங்குகின்றன. பஸ் சேஸிஸில் கட்டிய கேரவனுக்குக் கீழே இருப்பது பஸ் சஸ்பென்ஷன்தான். அதனால் இந்த மெக்கானிக்குகளுக்கு அது கைப்பழக்கமான சோலி. லீஃப் ஸ்பிரிங் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இங்கே வேலை இல்லை.

கைவேலைக்குத் தாராளமாக நல்ல மார்க் போடலாம். பலூன் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் காற்றுப் பை) மாற்றுவது, காற்று லைன் இழுப்பது, பலூனுக்குக் காற்றை விட்டும் எடுத்தும் வண்டி உயரத்தைக் காக்கும் லெவலிங் வால்வு மாட்டுவது எல்லாம் சுத்தமாக நடக்கிறது. குறை நோயைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து வந்து நின்றதும், "லெவலிங் வால்வு போச்சு அண்ணாச்சி, புதுசு போட்டுருவோம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சோதிக்காமல் மாற்றிய வால்வு, பழைய வால்வு கெட்ட அதே காரணத்தால் மறுபடி கெடும்.

ஆகவே முதலில் கேட்டு வாங்க வேண்டியது ராத்திரி சோதனை. வண்டியைச் சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, கம்ப்ரசர் கட்-அவுட் ஆகும் வரை, அதாவது காற்று ஏற்றுவதைத் தானாக நிறுத்தும் வரை, காற்று டேங்கை நிரப்பி இன்ஜினை அணைக்க வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் நேர் மேலே பாடியின் உயரத்தை அளந்து சாக்பீஸால் எழுதிவிட்டு, காலையில் மீண்டும் அளக்க வேண்டும். வெப்பம் 35 டிகிரியிலிருந்து 25-க்கு இறங்கினாலே பலூனில் அடைபட்ட காற்று சுமார் 3 சதவீதம் சுருங்கும். அதனால் நான்கு மூலையும் ஒரே அளவாக ஒரு விரற்கடை இறங்கியிருந்தால் கவலைப்பட வேண்டாம். ஒரு மூலை மட்டும் உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பலூன், லைன், வால்வு மூன்றில் ஒன்று கசிகிறது. பல பட்டறைகள் வண்டியை ராத்திரி நிறுத்த இடம் தருகின்றன; அளந்து வைப்பதில்தான் சோம்பல். டேப்பை நீங்களே எடுத்துப் போய்விடுங்கள்.

பெரும்பாலான பஸ் சேஸிஸில் லெவலிங் வால்வு மூன்றுதான்: முன்னால் ஒன்று, பின்னால் பக்கத்துக்கு ஒன்று. நான்கு வைத்தால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் என்பதால் இந்த ஏற்பாடு. முன்பக்கம் இரண்டு பலூனுக்கும் ஒரே அழுத்தம் போவதால், வண்டி இடப்பக்கம் சாயுமா வலப்பக்கம் சாயுமா என்பதைத் தீர்மானிப்பது பின் வால்வுகள். முன் பம்பர் சாய்ந்து தெரிந்தாலும் முதலில் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். இதை அறியாமல் முன் வால்வைக் கழற்றும் பட்டறையில் உங்களுக்குக் காசும் போகும், சாய்வும் போகாது.

வால்வைக் கழற்றாமலே அதன் நிலையைச் சொல்லலாம். வால்வு லீவரை ஆக்சிலோடு இணைக்கும் லிங்க் ராடை ஆக்சில் பக்கம் விடுவித்து லீவரைக் கையால் மேலே தூக்கினால் பலூன் நிரம்ப வேண்டும். கீழே தள்ளினால் காற்று வெளியேற வேண்டும். நடுவில் விட்டால் சத்தமே இருக்கக் கூடாது. தாமத வகை வால்வில் சில நொடி கழித்துத்தான் காற்று நகரும், அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். நடு நிலையிலும் காற்று வெளியேறும் 3-ம் எண் துளையில் உஸ் என்று கேட்டால் உள்ளே வால்வு சீட்டில் தூசி, அல்லது ரப்பர் தேய்ந்திருக்கிறது. கீழே தள்ளியும் காற்று வெளியே வரவில்லையா, அந்தத் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற கேரவனில் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். ஒரு கம்பியால் முடிகிற வேலைக்குப் புது வால்வு பில் வர வேண்டாம்.

டேங்க் காலியாகும்போது வண்டியும் சேர்ந்து இறங்குகிறது என்றால் கதை வேறு. வால்வின் சப்ளை வாயில், 1 அல்லது 12 என்று எண் இருக்கும், அதற்குள் காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு உண்டு. அது பிடிக்காவிட்டால் பலூன் காற்று திரும்ப டேங்குக்கே ஓடிவிடும். வெளியே எங்கும் சோப்பு நுரை வராது. அதனால்தான் இந்தப் பழுது ஆட்களை அலைக்கழிக்கிறது. நேர்மாறாக, இன்ஜின் போட்டதும் வண்டி எழவில்லை என்று பதறுகிறவர்களும் உண்டு. பிரேக் டேங்குகள் சுமார் 6 பார் தொட்ட பிறகே புரொடெக்ஷன் வால்வு சஸ்பென்ஷனுக்குக் காற்று விடும். முதலில் பிரேக், பிறகுதான் சொகுசு.

சோப்புத் தண்ணி சோதனையைக் கவனமாகச் செய்கிறார்கள். பலூன் மடிந்து பிஸ்டனில் உருளும் இடம், மேல் தட்டின் ஓரம், டியூப் மூட்டுகள், மூன்றையும் நனைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். துணி சோப்புக் காரம் அலுமினிய வால்வில் தங்கக் கூடாது. உவரி, கூடங்குளம் பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புக் காற்றுக்குத் தட்டின் ஓரம் துருவேறி, பலூன் நன்றாக இருந்தும் அங்கேயே கசியும். தேரிக்காட்டு மணல் மடிப்பில் தங்கினால் ரப்பரை அரைத்தெடுக்கும். மூட்டில் கசிந்தால் பெரும்பாலும் டியூபைக் கட்டிங் பிளேயரால் சாய்வாக வெட்டியிருப்பார்கள். டியூப் கட்டரால் நேராக வெட்டி, உள்ளே போக வேண்டிய ஆழத்தைக் கோடு போட்டுச் சொருகினாலே நின்றுவிடும்.

ரிப்பேர் கிட்டா, புது வால்வா? பாடி அரிக்காமல், லீவர் ஷாஃப்ட் ஆட்டம் காணாமல் இருந்தால் கிட் போதும். செலவு மிகக் குறைவு. ஷாஃப்ட் ஆடினால் கிட்டுக்குக் கொடுத்த காசு தண்டம். எதைப் போட்டாலும் அதே நாளில் காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். டேங்கை வடிக்கும்போது வெறும் தண்ணீர் வந்தால் டிரையர் கேட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது. பால் போல வெளுத்து வந்தால் கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து வருகிறது. அந்த ஆயில் ரப்பரை ஊதவைத்துப் புது வால்வையும் கெடுக்கும். சாரல் சீசன் ஈரத்தில் தென்காசிப் பக்கம் நிற்கும் வண்டிக்கு வருடம் ஒரு கேட்ரிட்ஜ் ஆடம்பரமல்ல. டிரையரைப் பற்றி அவர்களாகவே கேட்ட பட்டறை குறைவு என்பதுதான் என் பெரிய புகார்.

இரண்டு வேலைகளை மட்டும் இலவசமாகச் செய்து தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்று, பின் பலூன் இரண்டையும் டி-ஜாயின்ட் போட்டு இணைப்பது. நிற்கும்போது சமமாகத் தெரியும். வளைவில் வெளிப்பக்கக் காற்று உள்பக்கம் ஓடி வண்டி சாயும், மாஞ்சோலை மலைப்பாதை மாதிரி இடத்தில் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, லிங்க் ராடை நீட்டி வண்டியைக் "கொஞ்சம் தூக்கி" வைப்பது. உயரம் கூடினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் மாறி அதிர்வு வரும், ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கு இழுபட்டு அடிவாங்கும். சேஸிஸ் கம்பெனி சொன்ன உயரத்துக்கு மேல் ஒரு நூல்கூட வேண்டாம்.

நிறுத்தியபின் கேரவனைச் சமன்படுத்தும் தனி சிஸ்டம் இருந்தால், அதிலுள்ள, மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வுகள் லெவலிங் வால்வைத் துண்டிக்கின்றனவா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் உள்ளே ஆள் நடமாடும்போதெல்லாம் வால்வு காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். இங்குள்ள பட்டறைகளுக்கு இது பழக்கமில்லாத வேலை. வயரிங் படத்தை நீங்கள் கொண்டுபோனால் பார்த்துச் செய்துவிடுவார்கள். சென்சாரும் கன்ட்ரோல் யூனிட்டும் உள்ள எலக்ட்ரானிக் வகைக்கு ஸ்கேனர் இல்லாத இடத்தில் கை வைக்க விடாதீர்கள். சென்சார் மாற்றினால் உயரத்தைப் புதிதாகப் பதிய வேண்டும்.

வண்டிக்கு அடியில் போகும் முன் சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுக்கிறார்களா என்று பாருங்கள். காற்றை மட்டும் நம்பி ஆள் உள்ளே நுழையும் பட்டறை என்றால், வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போய்விடுங்கள்.