24 மணி நேரப் பதிவுகள்: இன்ஸ்டா ஸ்டோரியா, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸா, ஸ்னாப்சாட்டா?

ஒரே நாளில் மறைந்துபோகும் பதிவை வைத்து பிராண்டை வளர்க்க முடியுமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்கள் எந்த ஆப்பில் இருக்கிறார்கள்? ஸ்டோரி பெரும்பாலும் போய்ச் சேர்வது அவர்களிடம்தான். புது ஆட்களைக் கொண்டுவருவது ரீல்ஸ். வந்தவர்கள் நம்மை மறக்காமல் பார்த்துக்கொள்வது ஸ்டோரி. இது புரியாமல் மாதக்கணக்கில் ஸ்டோரி போட்டுவிட்டு, ஃபாலோயர் ஏறவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

முதலில் இன்ஸ்டாகிராம். 24 மணி நேர ஸ்டோரியை 2013-இல் தொடங்கிவைத்தது ஸ்னாப்சாட், இன்ஸ்டாவில் அது 2016-இல்தான் வந்தது, ஆனாலும் தொழில் செய்பவருக்கு வேண்டிய கருவிகள் இன்று இங்கேதான் அதிகம். ஓட்டெடுப்பு, கேள்விப் பெட்டி, அப்புறம் தொட்டால் உங்கள் தளத்துக்குக் கொண்டுபோகும் லிங்க் ஸ்டிக்கர். முன்பெல்லாம் 10,000 ஃபாலோயர் அல்லது சரிபார்க்கப்பட்ட கணக்கு இருந்தால்தான் ஸ்டோரியில் லிங்க் கொடுக்க முடியும். 2021-இல் அதை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள், சிறு பிராண்டுகளுக்கு அது பெரிய விடுதலை. நல்ல ஸ்டோரியை, உங்கள் ப்ரொஃபைல் பக்கத்திலேயே நிலைத்து நிற்கும் ஹைலைட்ஸில் சேர்த்துவிட்டால் மறையும் கவலையும் பாதி தீர்ந்தது. பிசினஸ் கணக்காக இருந்தால் எந்த இடத்தில் ஆட்கள் வெளியேறினார்கள், எதைத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள் என்பதும் தெரியும், வெறும் பார்வை எண்ணிக்கையைவிட நான் மதிப்பது இதைத்தான்.

குறை என்னவென்றால், யாருடைய ஸ்டோரி முதலில் தெரிய வேண்டும் என்பதை இன்ஸ்டாதான் முடிவு செய்கிறது. பார்ப்பவர் உங்களோடு எவ்வளவு பழகுகிறார் என்பதை வைத்து. பதில் எழுதாத, எதையும் தொடாத ஃபாலோயருக்கு நீங்கள் வரிசையில் பின்னால் போய்விடுவீர்கள். அதனால் விளம்பரப் படத்தை ஒட்டிவிட்டுப் போகாமல் ஏதாவது கேளுங்கள். வாடிக்கையாளர் தன் ஸ்டோரியில் உங்களைக் குறிப்பிட்டால் நன்றி சொல்லி உங்கள் ஸ்டோரியிலும் சேருங்கள், மற்றவர்களுக்கும் குறிப்பிடத் தோன்றும். ஸ்டோரி வழியாகப் புது ஆட்களிடம் பெயர் போவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இதற்கு நேர் எதிர். பார்ப்பவர் நம்பர் உங்களிடமும் உங்கள் நம்பர் அவரிடமும் சேவ் ஆகியிருந்தால்தான் தெரியும், ஆகவே தானாக வளராது. ஆனால் பார்க்கிறவர் ஒவ்வொருவரும் நிஜமான தொடர்பு, "இது இருக்கா?" என்று அவர் கேட்டால் அது நேராக சாட்டில் வந்து விழும், அங்கேயே வியாபாரம் முடிந்துவிடும். ஆர்டர் எடுக்கும்போதே நம்பரை சேவ் பண்ணச் சொல்லுங்கள். ரீட் ரிசிப்டை (படித்ததைக் காட்டும் நீல டிக்) அணைத்து வைத்திருப்பவர்கள் பார்வைப் பட்டியலில் வரமாட்டார்கள், எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். காலையிலிருந்து இரவு வரை கொட்டிக்கொண்டே இருந்தால் மட்டும் மியூட் செய்துவிடுவார்கள், அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

ஸ்னாப்சாட் இளவட்டங்களை மட்டும் குறிவைக்கும் பிராண்டுக்குச் சரி, மற்றவர்கள் அங்கே நேரம் செலவிட வேண்டாம். ஃபேஸ்புக்குக்கு இன்ஸ்டா ஸ்டோரியையே அனுப்பிவிட்டால் போதும்.

இந்த வடிவம் எல்லா இடத்திலும் ஓடவில்லை என்பதையும் பாருங்கள். ட்விட்டர் தன் மறையும் பதிவான ஃப்ளீட்ஸை 2020 நவம்பரில் எல்லாருக்கும் கொடுத்து 2021 ஆகஸ்டில் மூடியது; புதிதாக எழுத வருவார்கள் என்று எதிர்பார்த்தால், ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தவர்கள்தான் தங்கள் ட்வீட்டைப் பரப்ப அதைப் பயன்படுத்தினார்கள். வேலை, தொழில் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இனின் ஸ்டோரிஸும் அதே 2021-இல் போனது, அங்கிருந்தவர்களுக்குத் தங்கள் பக்கத்தில் நிலைத்து நிற்கும் வீடியோதான் தேவைப்பட்டது. யூடியூபும் தன் ஸ்டோரிஸை 2023-இல் கைவிட்டது. வேலை தேடுபவரையும் நிறுவனங்களையும் நம்பியிருக்கும் பிராண்ட் என்றால், மறையும் பதிவில் உழைப்பதைவிட நிலைக்கும் பதிவை எழுதுவதே மேல் என்பேன்.

ஒற்றை ஆளாக நடத்துகிறீர்களா? பழைய வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்ப வாங்கும் தொழில் என்றால் ஸ்டேட்டஸ் முதலில், அதில் புது வரவும் இருப்பும் மட்டும். முகம் தெரியாதவர்களை ஈர்க்க வேண்டிய தொழில் என்றால் ரீல்ஸோடு சேர்த்து இன்ஸ்டா ஸ்டோரி, அதில் பொருள் உருவாகும் விதத்தையும் கேள்வி பதிலையும் காட்டுங்கள். எதில் போட்டாலும் எழுத்தைத் திரையின் நடுவில் வையுங்கள். மேலே கணக்கின் பெயரும் கீழே பதில் பெட்டியும் வந்து மறைத்துவிடும். ஒலியை அணைத்துப் பார்ப்பவர்களும் நிறைய, ஆகவே சொல்வதை எழுத்தாகவும் போட்டுவிடுங்கள்.