தோளுக்கு ஒன்று, முழங்காலுக்கு மூன்று: ஸ்டீரொயிட் ஊசியோடு என் நாலு வருடம்

போன கிழமை நிலாவெளியிலிருந்து மச்சாள் போன் எடுத்தா. "முழங்காலுக்கு ஊசி போடச் சொல்லுகினம். நீங்கள் போட்டனீங்கள்தானே, போடட்டோ?" யோசிக்காமல், "போடுங்கோ, நல்லது" என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு என் முழங்காலை மடிக்க முடியாமல் படுத்துக் கிடந்தபோதுதான் உறைத்தது: நான் சொன்னது என் தோளைப் பற்றி, அவ கேட்டது முழங்காலைப் பற்றி.

தோளின் கதை 2021இல் தொடங்கியது. எனக்குச் சீனி வருத்தம் கனகாலமாக இருக்கிறது. சீனி உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது கூடுதலாம். எட்டு மாதம் பின்னல் போட முடியவில்லை, சட்டைக் கொக்கி மாட்ட மகள் வரவேண்டும், இரவில் அந்தப் பக்கம் திரும்பினால் உயிர் போகும். கிளினிக்கில் பார்த்த டொக்டர் பொறுமையான மனிதர். ஸ்கானில் பார்த்துக்கொண்டே மூட்டுக்குள் ஊசியை இறக்கினார். இறக்க முன்னம் எல்லாம் சொன்னார். உள்ளே போவது வீக்கத்தையும் நோவையும் குறைக்கும் ஸ்டீரொயிட், பெயர் ட்ரயம்சினலோன், 40 மில்லிகிராம், அதோடு விறைப்பு மருந்து லிக்னோகெயின். இரண்டொரு மணித்தியாலத்தில் விறைப்பு இறங்கும், நோ திரும்ப வரும், பயப்பட வேண்டாம். ஸ்டீரொயிட் வேலை செய்யச் சில நாள் எடுக்கும். மருந்து கொஞ்சம் இரத்தத்திலும் கலக்கும், அதனால் சீனி ஏறும், ஒரு கிழமைக்கு அடிக்கடி குத்திப் பாருங்கோ. தோள் சிவந்து சுட்டாலோ காய்ச்சல் வந்தாலோ நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காமல் உடனே வாங்கோ, அது கிருமித்தொற்றாக இருக்கலாம்.

அவர் சொன்னபடியே நடந்தது. இரண்டாம் நாள் சீனி 290க்குப் போனது, ஆறாம் நாள் பழைய இடத்துக்கு வந்தது. பத்தாம் நாள் தோளில் நோ பாதிக்கு மேல் குறைந்திருந்தது. நோ குறைந்திருக்கும் அந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் பயிற்சி செய்துவிட வேண்டும், ஊசி கதவைத்தான் திறக்கும் என்று பிசியோ பிள்ளை சொன்னதை நான் வேதவாக்காக எடுத்தேன். குளியலறைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, விரலால் ஏறி ஏறி, ஒவ்வொரு நாளும் கோட்டை உயர்த்தினேன். அடுத்த வருடம் மாமியின் அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போனோம். ஏழு கிணற்றிலும் நானே வாளியால் அள்ளி, தலைக்கு மேலே தூக்கி ஊற்றினேன். வெந்நீர் முதுகில் இறங்கும்போது அழுகை வந்துவிட்டது. அந்த ஊசியை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன்.

முழங்கால்தான் என் கோபம். 2024 புரட்டாதியில் தேய்மானத்துக்கென்று முதல் ஊசி. நெருக்கடியான கிளினிக், வேறு டொக்டர். இரண்டரை மாதம் நிம்மதியாக நடந்தேன். மார்கழிக் கடைசியில் இரண்டாவது. அது ஒரு மாதம்கூட நிற்கவில்லை. இரண்டு தடவையும் என் கிளினிக் கொப்பியில் எழுதியிருந்தது "ஊசி போடப்பட்டது" என்பது மட்டும். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தக் கால், ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை.

சிவராத்திரிக்குத் திருகோணமலைக் கோணேசர் கோயில் மலை ஏறவேண்டும் என்ற ஆசையில், மாசியில் ஒரு தனியார் நிலையத்துக்குப் போனேன். முந்தின ஊசிக்கு ஏழு கிழமைகூட ஆகவில்லை. ஒரே மூட்டுக்குக் குறைந்தது மூன்று மாதம் இடைவெளி விடவேண்டும் என்பது எனக்குத் தெரியாது. முந்தி எப்போது போட்டது என்று அங்கே கேட்கவில்லை. சீனி இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. கொப்பியை நீட்டினேன், அதில் பார்க்கவும் ஒன்றும் இல்லையே. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்த நாள் இரவு தாகம் அடங்கவில்லை, செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். விடியக் குத்திப் பார்த்தால் 340. மலை ஏறினேன், சாமி கும்பிட்டேன், உண்மைதான். ஆறு கிழமையில் நோ முழுதாகத் திரும்பிவிட்டது. ஊசி ஏறின இடத்தில் தோல் வெளுத்து, ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் குழி விழுந்து இன்றும் இருக்கிறது.

முழங்கால் மூட்டை மாற்றுவதற்காகச் சித்திரையில் சத்திரசிகிச்சை டொக்டரிடம் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "கடைசி ஊசி எப்ப போட்டனீங்கள், என்ன மருந்து?" ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் மூட்டை மாற்றினால் கிருமி பிடிக்கும் ஆபத்து கூடும் என்றார். நான் சிவராத்திரியை வைத்து விரலில் எண்ணினேன். மருந்தின் பெயருக்கு என்னிடம் பதில் இல்லை. சத்திரசிகிச்சைத் திகதி தள்ளிப்போனது, பிறகு சீனி இறங்கவில்லை என்று இன்னொரு தரம் தள்ளிப்போனது. இன்னும் காத்திருக்கிறேன்.

மகன் ஒரு அமெரிக்க ஆய்வைத் தேடி வாசித்துக் காட்டினான். 2017இல் வெளியானது. முழங்கால் தேய்மானம் உள்ள 140 பேரில் ஒரு பகுதிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடம், அதே ட்ரயம்சினலோன் 40 மில்லிகிராம். மற்றவர்களுக்கு வெறும் உப்புத் தண்ணீர். முடிவில் நோவில் வித்தியாசம் இல்லை, ஸ்டீரொயிட் போட்டவர்களுக்குத்தான் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. அளவாகப் போட்டால் சில கிழமை சுகம் தரும் என்பதை நான் மறுக்கவில்லை, முதல் ஊசி எனக்குத் தந்தது. ஆனால் இன்றைக்கு என்னைக் கேட்டால், முழங்காலுக்கு வேண்டாம் என்றுதான் வாயில் வரும்.

மச்சாளுக்குத் திரும்ப எடுத்தேன். வியாழக்கிழமை போடப்போறாவாம், மகளின் கலியாணத்துக்குள் நிமிர்ந்து நடக்கவேண்டுமாம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளைக் காலை பஸ்ஸில் நிலாவெளிக்குப் போகிறேன். கையில் ஒரு நாற்பது பக்கக் கொப்பி. முதல் பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்: திகதி, எந்தக் கால், மருந்தின் பெயர், மில்லிகிராம், போட்டவரின் கையெழுத்து. கீழே ஏழு நாளுக்குச் சீனி எழுத இடம். கையெழுத்து வாங்காமல் கட்டிலை விட்டு இறங்கவேண்டாம் என்று நேரில் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.