வாட்ச் போட்டோ வீட்டிலேயே: எந்த லென்ஸ், எந்த வெளிச்சம்?

வாட்ச்சை நெருக்கத்தில் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் பேச்சு கூர்மையில்தான் போய் நிற்கும். இது அதைவிட ஷார்ப், அதில் ஓரம் கொஞ்சம் மங்கல் என்று நீளும். என் அளவுகோல் வேறு: லென்ஸின் முன்விளிம்புக்கும் வாட்ச் கண்ணாடிக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது? வெளிச்சம் நுழைய இருப்பது அந்த இடைவெளி ஒன்றுதான். இரண்டு விரற்கடைதான் மிஞ்சும் என்றால் எப்பேர்ப்பட்ட விளக்கு இருந்தாலும் டயலில் விழுவது லென்ஸின் நிழல். போதாக்குறைக்கு லென்ஸே கண்ணாடியில் கறுப்பு வட்டமாகத் தெரியும். கீழே வரும் ஒவ்வொன்றையும் இந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. இன்றைய வாட்ச்களில் பெரும்பாலானவை 36 முதல் 42 மில்லிமீட்டர் விட்டத்துக்குள் அடங்கும். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் உயரம் 24 மில்லிமீட்டர். 40 மில்லிமீட்டர் கேஸ் (வாட்ச்சின் வெளிக்கூடு) அதில் முழுதாக நிரம்ப 0.6 மடங்கு உருப்பெருக்கம் போதும், அதாவது சென்சாரில் விழும் பிம்பம் அசல் அளவில் 0.6 பங்கு. சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டால் 0.5. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாராக இருந்தால் 0.4-க்கும் குறைவே. மேக்ரோ லென்ஸ் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் 1:1 (அசல் அளவிலேயே பிம்பம்) முழு வாட்ச்சுக்குத் தேவைப்படுவதே இல்லை. தேதி ஜன்னல், டயலில் பதித்த லோகோ, பின்பக்கக் கண்ணாடி வழியே தெரியும் பேலன்ஸ் சக்கரம் என்று உள்ளே நுழையும்போதுதான் அதற்கு வேலை வரும்.

போன்

சீக்கிரம் முடித்துவிடலாம். போன்களின் மேக்ரோ வசதி பெரும்பாலும் அல்ட்ரா வைட் கேமராவை வைத்துத்தான் ஓடுகிறது. 2021-ல் வந்த ஐபோன் 13 ப்ரோ 2 சென்டிமீட்டர் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 2 சென்டிமீட்டரில் போனே வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. கிட்டே இருக்கும் கிரவுன் (நேரம் திருத்தும் திருகு) பூதாகரமாகவும் தள்ளியிருக்கும் லக் (பட்டை மாட்டும் கொம்பு) சூம்பியும் தெரியும். போன்தான் கையில் இருக்கிறது என்றால் மேக்ரோவை அணைத்துவிட்டு, டெலி கேமராவில் தள்ளி நின்று எடுத்து கிராப் செய்யுங்கள். பிக்சல் குறைந்தாலும் வாட்ச் வாட்ச் வடிவத்தில் இருக்கும்.

க்ளோஸ்-அப் ஃபில்டரா, எக்ஸ்டென்ஷன் டியூபா

மேக்ரோ லென்ஸ் இல்லாதவர்களுக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஃபில்டர் என்பது லென்ஸின் முன்னால் மாட்டும் கண்ணாடி, டியூப் என்பது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாய். இதில் பரவலாகச் சொல்லப்படும் தீர்ப்பு, "டியூபில் கண்ணாடியே கிடையாது, அதனால் தரம் கெடாது, ஃபில்டர் பூதக்கண்ணாடி மாதிரி, படம் கெட்டுவிடும்" என்பது. பாதிதான் சரி. எந்த லென்ஸில் மாட்டுகிறோம் என்பதை அந்தத் தீர்ப்பு கேட்கவே இல்லை.

டியூபின் கணக்கு: டியூபின் நீளத்தை லென்ஸின் ஃபோகல் லெங்த்தால் வகுத்தால் கூடுதல் உருப்பெருக்கம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் 25 மில்லிமீட்டர் டியூப் போட்டால் 0.5 மடங்கு. அருமை. அதே டியூபை 200 மில்லிமீட்டரில் போட்டால் வெறும் 0.125. வழக்கமாகக் கிடைக்கும் 12, 20, 36 மில்லிமீட்டர் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால்கூட 200-ல் கிடைப்பது 0.34-தான், அதற்குள் கேமரா முன்பக்கம் தொங்க ஆரம்பித்துவிடும்.

ஃபில்டரின் கணக்கு இதற்கு நேர்மாறு. லென்ஸை முடிவிலியில் வைத்தால், 100 சென்டிமீட்டரை டையாப்டர் எண்ணால் (ஃபில்டரின் சக்தி, ப்ளஸ் போட்டுக் குறிப்பது) வகுத்த தூரத்தில் ஃபோகஸ் நிற்கும்: ப்ளஸ் 2 என்றால் 50 சென்டிமீட்டர், ப்ளஸ் 4 என்றால் 25, ப்ளஸ் 10 என்றால் 10. எந்த லென்ஸில் மாட்டினாலும் இந்தத் தூரம் மாறாது. லென்ஸ் நீளமாக நீளமாக உருப்பெருக்கம் மட்டும் கூடும். 50 மில்லிமீட்டரில் ப்ளஸ் 4 போட்டால் 0.2 மடங்கு, பிரயோஜனமில்லை. 150 மில்லிமீட்டரில் அதே ஃபில்டர் 0.6 மடங்கு தரும், அதுவும் 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று.

அந்த 25 சென்டிமீட்டரை 50 மில்லிமீட்டர் லென்ஸ், டியூப் ஜோடியோடு வைத்துப் பாருங்கள். 0.5 மடங்கில் அந்த ஜோடிக்கு லென்ஸின் மையத்திலிருந்து வாட்ச் வரை கிடைப்பது 15 சென்டிமீட்டர். முன்விளிம்பிலிருந்து அளந்தால் இன்னும் குறைவு. போதாததற்கு, சென்சாரிலிருந்து லென்ஸைத் தள்ளி வைப்பதால் 0.5 மடங்கில் ஒரு ஸ்டாப்புக்கு மேல், அதாவது பாதிக்கு மேல், வெளிச்சமும் போகும். ஃபில்டரில் அந்த இழப்பு இல்லை.

இன்னொரு வசதியும் உண்டு, அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. ஜூம் லென்ஸில் ஃபில்டரை மாட்டியபின் ஜூமைத் திருகினால் வாட்ச் பெரிதாகவும் சிறிதாகவும் ஆகும், தூரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ட்ரைபாடை நகர்த்த வேண்டாம், பாடுபட்டுச் சரிசெய்த விளக்கையும் தொட வேண்டாம். முழு வாட்ச் ஒன்று, டயல் மட்டும் ஒன்று என்று உட்கார்ந்த இடத்திலேயே எடுக்கலாம்.

ஆக, ஐம்பதுக்கு டியூப், டெலி ஜூமுக்கு ஃபில்டர். ஆனால் எந்த ஃபில்டர் என்பதில் கறாராக இருங்கள். ஒற்றைக் கண்ணாடியில் செய்த ப்ளஸ் 1, 2, 4, 10 செட்டைப் பாலிஷ் செய்த மணிக்குறிகள் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு குறியின் விளிம்பிலும் ஊதாவும் பச்சையும் வழியும். ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடிகளைச் சேர்த்து நிறச்சிதறலைத் திருத்திய அக்ரோமேட் வகைதான் வேண்டும். ப்ளஸ் 2-க்கு கேனான் 500டி, ப்ளஸ் 4.8-க்கு ரேனாக்ஸ் டிசிஆர்-150, ப்ளஸ் 8-க்கு டிசிஆர்-250. இவற்றில் வாட்ச்சுக்கு என்னைக் கேட்டால் 150-தான். 250-ஐ மாட்டினால் தூரம் 12.5 சென்டிமீட்டராகச் சுருங்கி, பழைய பிரச்சினைக்கே திரும்பி வந்துவிடுவோம்.

டியூப் வாங்குபவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: மின்தொடர்பு ஊசிகள் இல்லாத டியூபில் இன்றைய லென்ஸ்களின் அப்பெர்ச்சரை (ஒளி நுழையும் துளையின் அளவை) மாற்ற முடியாது.

லென்ஸைத் தலைகீழாக மாட்டும் ரிவர்ஸ் ரிங்கும் பட்டியலில் உண்டு. முழு வாட்ச்சுக்கு அது அளவுக்கு மீறிய உருப்பெருக்கம். விட்டுவிடலாம்.

மேக்ரோ லென்ஸ்

90 முதல் 105 மில்லிமீட்டர் வரையிலான மேக்ரோ லென்ஸ்தான் இந்த வேலைக்கு நேர்வழி என்பதில் சந்தேகமில்லை. காரணம் கூர்மை அல்ல, தட்டையான தளத்தைத் தட்டையாகவே வரைவது. டயலின் நடுவே 'ஆட்டோமேட்டிக்' என்ற எழுத்தும் ஓரத்து நிமிடக் கோடுகளும் ஒரே ஃபோகஸில் தெளிவாக விழும். சாதாரண 50-ல் டியூப் போட்டு எடுத்தால் நடு எழுத்து பளிச்சென்று இருக்கும், ஓரக் கோடுகள் சற்றே இளகிப்போகும்.

தூரத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். விவரக் குறிப்பில் குறைந்தபட்ச ஃபோகஸ் 30 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தால் அது சென்சாரிலிருந்து அளந்தது. லென்ஸின் நீளத்தையும் கேமரா உடலையும் கழித்தால் 1:1-ல் மிஞ்சுவது 13, 14 சென்டிமீட்டர். 60 மில்லிமீட்டர் மேக்ரோவில் 10-க்கும் கீழே இறங்கிவிடும். விலை குறைகிறதே என்று 60 பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்வது, அந்தப் பணத்துக்கு பழைய மேனுவல் மேக்ரோ ஒன்றைத் தேடுங்கள் என்பதுதான். மைக்ரோ-நிக்கார் 55 மில்லிமீட்டர் எஃப்/2.8 தனியாகவே 0.5 மடங்கு வரை போகும். வாட்ச்சுக்கு அவ்வளவுதானே வேண்டும். தூரத்தில் இதுவும் தாராளம் இல்லை, ஆனால் தட்டையாக வரைவதில் குறை சொல்ல முடியாது. வாட்ச் எழுந்து ஓடப்போவதில்லை, ஆட்டோஃபோகஸ் இல்லாததால் ஒன்றும் நஷ்டமில்லை.

எதை மாட்டினாலும் ஆழம் போதாது. ஃபுல் ஃப்ரேமில் 0.5 மடங்கு, எஃப்/8 என்றால் கூர்மையாக நிற்கும் ஆழம் 3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 1:1-ல் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. நேர் மேலிருந்து எடுத்தால் டயலும் முட்களும் சமாளித்துவிடும். சாய்த்து எடுத்தால் முடியாது. அப்பெர்ச்சரை எஃப்/22-க்கு மூடலாமே என்று தோன்றும். டிஃப்ராக்‌ஷன் (சிறு துளையில் ஒளி விரிந்து சிதறுவது) வந்து எல்லாவற்றையும் ஒரே சீராக மழுங்கடித்துவிடும். எஃப்/8-லேயே நின்று ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ் அல்லது ஸெரீன் ஸ்டாக்கர் மென்பொருளில் ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டாக்கிங்கே மேல்.

டென்ட்டா, ட்ரேசிங் பேப்பரா

பாலிஷ் செய்த கேஸ் கரண்டியின் முதுகு மாதிரி. அறையில் உள்ள எல்லாவற்றையும் வளைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். நாம் படமெடுப்பது உலோகத்தை அல்ல, உலோகம் எதைப் பார்க்கிறதோ அதை. கண்ணாடியும் சும்மா இருக்காது. பூச்சு இல்லாத சஃபையர் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 7.7 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். மினரல் கண்ணாடி 4 சதவீதத்துக்குச் சற்று மேல், அக்ரிலிக் 4 சதவீதம். அக்ரிலிக் கண்ணாடியோடும் சஃபையர் கண்ணாடியோடும் விற்கப்படும் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ப்ரொஃபெஷனல் மாதிரியான வாட்ச்சில், ஒரே டயல் இரண்டு விதமாகப் படத்தில் விழுவதற்குக் கண்ணாடியும் அதன் பூச்சும் போதும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதலில் வாங்குவது மடிக்கும் லைட் டென்ட், பொருளை உள்ளே வைத்து எடுக்கும் வெள்ளைக் கூடாரம். சோப்பு டப்பாவையோ பொம்மையையோ எடுக்க நல்ல சாமான். வாட்ச்சுக்கு எனக்குப் பிடிக்காது. காரணத்தை ஒரே ஒரு மணிக்குறியில் பார்த்துவிடலாம். நடுவில் முகடு வைத்து இரண்டு பக்கமும் சரிவாகச் சீவிய குறி அது. டென்ட்டுக்குள் எல்லாப் பக்கமும் வெள்ளை என்பதால் இரண்டு சரிவும் வெள்ளையையே காட்டும். முகடு காணாமல் போய், குறி தட்டையான வெள்ளைக் கோடாகிவிடும். டயலும் வெள்ளையாக இருந்தால் குறி இருப்பதே தெரியாது. ஒரு பக்கம் கறுப்பு அட்டை ஒன்றை நிறுத்துங்கள். ஒரு சரிவு கறுக்கும், மற்றது வெளுத்தே நிற்கும், முகடு கத்தி முனைபோல் எழுந்து வரும்.

டென்ட்டுக்கு எதிராக நான் வைப்பது ஒரு பெரிய ட்ரேசிங் பேப்பரும் ஒரே ஒரு விளக்கும் சில கறுப்பு அட்டைத் துண்டுகளும். பேப்பரை வாட்ச்சுக்கு மேல் வளைத்து நிறுத்தி, விளக்கைப் பேப்பருக்குப் பின்னால் வைக்க வேண்டும். விளக்கைப் பேப்பருக்கு நெருக்கினால் நடுவில் பிரகாசமாகவும் ஓரத்துக்குப் போகப் போக மங்கியும் வரும். அந்தப் படிப்படியான மங்கல்தான் கேஸுக்கு உருண்டை தருகிறது. சன்பர்ஸ்ட் டயலுக்கும் இதுவே வழி. மையத்திலிருந்து கதிர்கதிராகத் தீட்டிய அந்த டயலில், ஒரு பக்கமிருந்து வெளிச்சம் வந்தால்தான் எதிரெதிராக இரண்டு ஒளிக்கீற்று விரியும். டென்ட்டுக்குள் அது வெறும் பெயின்ட் அடித்த தகடு.

ஜன்னல்? நேர் வெயில் விழாத ஜன்னல் அருமையான பெரிய விளக்கு. ஒற்றைப் படத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஸ்டாக்கிங்குக்குத்தான் ஆகாது, நடுவில் ஒரு மேகம் வந்தால் பாதிப் படங்கள் இருட்டாகிவிடும். ஜன்னலோடு அறை விளக்கையும் சேர்த்துப் போட்டால் கேஸில் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள்.

போலரைசர் ஃபில்டர் போட்டால் பிரதிபலிப்பு போய்விடும் என்பதும் அடிக்கடி காதில் விழும். கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 57 முதல் 60 டிகிரி வரை சாய்ந்து பார்க்கும்போதுதான் அது முழுமையாக வேலை செய்யும். நேர் மேலிருந்து எடுத்தால் சுத்தமாகப் பயனில்லை. பாலிஷ் உலோகத்தின் பளபளப்பை ஏறக்குறைய தொடவே தொடாது. காசியோ எஃப்-91டபிள்யூ மாதிரி எல்சிடி வாட்ச்சில் இன்னும் மோசம், போலரைசரைத் திருகும்போது ஒரு கோணத்தில் திரை முழுக்கக் கறுத்து நேரமே தெரியாது.

எல்இடியா, ஃபிளாஷா

பழகும்வரை எல்இடி. அட்டையை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் கேஸில் என்ன மாறுகிறது என்று அந்தக் கணமே கண்ணுக்குத் தெரியும். ஃபிளாஷில் ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 95-க்கு மேல் உள்ள விளக்காகப் பாருங்கள். மலிவான விளக்கில் எலெக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் படத்தில் பட்டை பட்டையாக விழும்.

எல்இடி தோற்கும் இடம் நொடி முள். ட்ரைபாடில் அரை நொடி எக்ஸ்போஷர் என்பது சாதாரணம். மணிக்கு 28,800 அசைவு என்று ஓடும் வாட்ச்சில் நொடி முள் அதற்குள் நாலு அசைவு நகர்ந்து மங்கிவிடும். ஃபிளாஷ் அதை அப்படியே உறைய வைக்கும், ஆனால் ஸ்டாக்கிங்கில் அதுவும் உதவாது, படத்துக்குப் படம் முள் வேறு இடத்தில் இருக்கும். கிரவுனை வெளியே இழுத்து முள்ளை நிறுத்துவதுதான் வழி. இழுத்த கிரவுன் உறுத்தினால் படம் சாய்வாக இருக்கும்போது அந்தப் பக்கத்தை மறைத்துக்கொள்ளலாம். செய்கோ எஸ்கேஎக்ஸ்007-ல் உள்ள 7எஸ்26 மாதிரி மூவ்மென்ட்களில் (வாட்ச்சின் உள் இயந்திரங்களில்) கிரவுனை இழுத்தாலும் முள் நிற்காது. கையில் கட்டாமல் இரண்டு நாள் கிடத்தி, தானாக நின்றபின் எடுங்கள்.

முட்களை வழக்கம்போல் 10:10-ல் வைக்கும்போது, அது காலை 10:10-தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரவு 10:10 என்றால் பல மூவ்மென்ட்களில் தேதி மாற்றும் பல்சக்கரம் அப்போதே கவ்வியிருக்கும். அந்த நேரத்தில் தேதியைத் தனியாகத் திருகினால் பல் உடையலாம்.