இரும்புக்கை மாயாவியின் கைக்கு எந்தப் பெயின்ட்?

1972-இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அதனால் மேசை விளையாட்டுக்கான 28 மி.மீ. அளவு குட்டி உருவமாக அவரைத் தீட்ட உட்கார்ந்தபோது கோட்டும் முகமும் எனக்கு அப்புறம்தான். முதல் கேள்வி, அந்தக் கையை மெட்டாலிக் பெயின்டில் தீட்டுவதா, இல்லை சாதாரண கறுப்பு, சாம்பல், வெள்ளையை வைத்தே உலோகம் மாதிரி காட்டுவதா என்பது. மினியேச்சர் தீட்டுகிறவர்கள் இரண்டாவதை என்.எம்.எம். என்பார்கள், அதாவது நான்-மெட்டாலிக் மெட்டல்.

ஒரே மாதிரி இரண்டு உருவம் எடுத்து இரண்டு வழியிலும் தீட்டினேன். இப்போது கேம் மேசையில் நிற்பது என்.எம்.எம். கை உள்ளவர்.

மெட்டாலிக் வழியில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடிப்பூச்சாகக் கறுப்பு பிரைமர், சிட்டாடல் கம்பெனியின் லெட்பெல்ச்சர் என்ற இரும்பு நிற மெட்டாலிக் பெயின்ட் ஒரு கோட், அதன்மேல் பள்ளங்களை இருட்டாக்கும் நல்ன் ஆயில் என்ற நீர்த்த கறுப்பு வாஷ், விரல் முட்டிகளில் கொஞ்சம் வெள்ளி. காய்கிற நேரம் போக வேலை பத்து நிமிடம்தான். பிரஷ் கழுவுகிற தண்ணீரை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மினுக்குத் துகள் அதில் தங்கிவிடும், அடுத்து முகம் தீட்டும்போது கன்னத்தில் வந்து மின்னும்.

என்.எம்.எம். எனக்கு மூன்று மாலைகள் பிடித்தது. இந்த அளவில் ஒரு விரல் கணு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. முதல் தடவை கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக, வழவழவென்று கொண்டுபோனேன். கை சிமென்டில் செய்தது போல வந்தது. அப்புறம் பழைய மாயாவி பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் 1962 முதல் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் அவை. இரும்பு மின்னுகிற இடத்தில் அவர் சாம்பலே வைப்பதில்லை. கெட்டிக் கறுப்பு, ஒட்டினாற்போல் வெறும் வெள்ளை. அதையே செய்தேன். ஒவ்வொரு கணுவிலும் மேல்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி, அதை உரசிக்கொண்டு ஒரு கறுப்புக் கோடு, மிச்ச இடத்தில் நீலம் கலந்த சாம்பல். கை எஃகாகிவிட்டது. காமிக்ஸ் நாயகனுக்கு இதுதான் பொருத்தம் என்று எனக்கு அப்போதே பட்டது.

ஆனால் நான் முடிவெடுத்தது அதனால் மட்டுமில்லை, வார்னிஷால். விளையாடுகிற உருவத்தை ஆளாளுக்கு எடுத்து வைப்பார்கள். மாயாவியின் கை முன்னால் நீண்டிருப்பதால் எல்லோர் விரலும் முதலில் படுவது அங்கேதான். வார்னிஷ் இல்லாவிட்டால் விரல் நுனிகளில் பெயின்ட் தேய்ந்துவிடும். மேட் வார்னிஷ் வெளிச்சத்தைச் சிதறடித்துத்தான் பளபளப்பைப் போக்குகிறது. மெட்டாலிக் பெயின்டுக்கோ பளபளப்புதான் உயிர். மேட் அடித்ததும் என் முதல் மாயாவியின் கை பழைய அலுமினியப் பாத்திரம் போல மங்கிவிட்டது. சரி, உடம்பு முழுக்க கிளாஸ், அதாவது பளபளப்பான வார்னிஷ் அடித்தால்? கோட்டு மழைக்கோட்டாகிவிடுகிறது. மிச்சமிருப்பது ஒரே வழி. உடம்புக்கு மேட், காய்ந்தபின் கைக்கு மட்டும் சின்ன பிரஷால் கிளாஸ், சட்டைக் கைவிளிம்பைத் தாண்டாமல். ஒவ்வொரு முறை டச்-அப் செய்யும்போதும் இதே இரட்டை வேலை. என்.எம்.எம்.மில் இந்தத் தொல்லை கிடையாது. தலை முதல் பேஸ் வரை ஒரே மேட் கோட். மினுமினுப்பு தீட்டியதுதானே, அது எங்கும் போகாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் வார்னிஷ் ஸ்பிரே வேண்டாம். சென்னையில் ஒரு டிசம்பர் மாலை மொட்டைமாடியில் அடித்தேன், காற்றின் ஈரத்தில் உருவம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. அதிலிருந்து பிரஷால் பூசுகிற வார்னிஷ்தான்.

என்.எம்.எம்.மின் குறையையும் மறைக்கக்கூடாது. வெளிச்சம் இடது மேல்புறமிருந்து வருவதாக வைத்துத் தீட்டினேன். மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தால் அந்த மினுமினுப்பு கொஞ்சம் பொய்யாகத்தான் தெரிகிறது. மெட்டாலிக் எந்தப் பக்கம் திருப்பினாலும் உண்மையாக மின்னும். பெயின்ட் பெயர்ந்தாலும் ஒரு தொடு போதும். இதில் அதே சாம்பலை மறுபடி கலக்கவேண்டும், அது லேசில்லை. நான் தீட்டியதும் ஒரே ஒரு கைதான், அதற்கு எட்டு மாதம்தான் ஆகிறது. முழுக்கவசம் போட்ட வீரனை இப்படித் தீட்டிப் பார்த்ததில்லை. இருபது வீரர் கொண்ட படை என்றால் அநேகமாக மெட்டாலிக்கையே எடுப்பேன்.

அடுத்ததாக மாயாவி மறைந்த பிறகான காட்சியைச் செய்யப்போகிறேன். மெல்லிய கம்பி ஒன்றின் நுனியில் கை மட்டும். கம்பி வாங்கியாகிவிட்டது, அந்தக் கைக்கும் கறுப்பு, சாம்பல், வெள்ளைதான்.